காஜா இல்லாத பொத்தான்

அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கழுகக்கா. முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தும் மேஜையில் உட்கார்ந்து, ஊர் உலகத்தின் எழுத்துப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் கொத்தி எடுத்தவள். அத்தனை வருஷத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அச்சேறிய பிழைகள் இரண்டே இரண்டு. எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம், மேலிருந்து எத்தனையாவது வரி என்று இன்றைக்கும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

ஓய்வு பெற்ற பிறகு பெயர் மிஞ்சியது, கண் மிஞ்சவில்லை. போன மழைக்காலத்தில் கண் டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னார்: "நடுவுல இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா அழியும்மா. ஓரம் அப்படியே இருக்கும். முழு இருட்டாகிடாது, பயப்படாதீங்க." பயப்படாதே என்று ஒருவர் வாயைத் திறந்தாலே அடுத்து வருவது பயப்பட வேண்டிய விஷயம்தான். தெருவில் நடக்கலாம், படி ஏறலாம், கூட்டத்தில் இடிக்காமல் ஒதுங்கலாம். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் காணாமல் போய்விடும். வரியைப் பார்த்தால் வரி போகும், முகத்தைப் பார்த்தால் முகம் போகும். முகம் வேண்டுமென்றால் அந்த ஆளின் காதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் முகம் ஓரமாக வந்து நிற்கும்.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. காரணம், மகன். மகன் நல்லவன், அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்தால் முறைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். "மூணு மாடி ஏறி இறங்கி எதுக்கும்மா கஷ்டப்படறே? இங்க பின்பக்கம் ரூம் காலியாத்தான் கிடக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். அந்தப் பின்பக்க அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் ஒரு முழ தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். கண் விஷயம் தெரிந்தால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான், வண்டியோடு வந்து வாசலில் நிற்பான். அப்புறம் அடுப்பைத் தொடாதே, தெருவில் இறங்காதே, பஸ் ஏறாதே என்று ஆரம்பிக்கும். அவளுடைய இரண்டு அறை வீட்டில் தீப்பெட்டியிலிருந்து ஊசி டப்பா வரை எது எங்கே என்று கைக்கே தெரியும். ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போவின் சத்தம் முழுக்க உள்ளே வந்துவிடும். அந்த வீட்டுச் சாவி தன் கையிலேயே இருக்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று வீடுகளுக்குப் போய்வருவது அவள் வழக்கம். முதலில் மகன், பிறகு அச்சகத்தில் கூட வேலை பார்த்த பைண்டர் தோழி, கடைசியில் தங்கை. இந்த வருஷம் இரண்டு மாதம் முந்தியே கிளம்பிவிட்டாள். ஓரமாவது தெளிவாக இருக்கும்போதே அந்த முகங்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். பெட்டியில் துணியை வைத்தாள், தோளில் பின்னல் பையை மாட்டிக்கொண்டாள்.

பின்னல் பழைய பழக்கம்தான். ஆனால் இந்த வருஷம் அதற்கு வேறு உத்தியோகம் கிடைத்திருந்தது. கையில் இரண்டு ஊசியும் மடியில் கம்பளி நூலும் இருந்தால் தலையைக் குனிந்துகொள்ள ஒரு சாக்கு. "எப்பப் பாரு பின்னல்தானா?" என்று திட்டுவார்களே தவிர, "ஏன் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறே?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். பின்னுவதற்குக் கண்ணும் தேவைப்படவில்லை. ஊசியில் எத்தனை கண்ணி இருக்கிறது, எங்கே ஒன்று நழுவியது என்பதையெல்லாம் விரல் நுனி சொல்லிவிடும்.

பின்னிக்கொண்டிருந்தது தங்கைக்கு ஒரு போர்வை. "ஊருக்கெல்லாம் பின்னிக் கொடுக்கறே, கூடப் பிறந்தவ மட்டும் குளிர்ல சாகணுமா?" என்று பத்து வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வரிசை கரும்பச்சை, இரண்டு வரிசை வெள்ளை, எட்டு வரிசை கருநீலம், மறுபடி இரண்டு வெள்ளை. வெள்ளை அவளுக்குத் தெரியும். பச்சையும் நீலமும்தான் தகராறு, இப்போது இரண்டும் ஒரே இருட்டு. அதனால் பைக்குள் இடது அறையில் பச்சை உருண்டைகள், வலது அறையில் நீலம், நடுவில் வெள்ளை என்று சட்டம் போட்டு வைத்திருந்தாள். பிழை திருத்துகிறவளுக்குச் சட்டம் போடச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

மகன் வீட்டுக்குப் போகும் ரயிலில் ஐந்து பட்டை முடித்தாள். அங்கே நான்கு நாள் இருந்தாள். மகன் சாப்பிடும்போது அவன் காதைப் பார்த்தாள். நெற்றியில் முடி ஏறியிருந்தது, கன்னத்தில் அவன் அப்பாவின் குழி. போதும் போதும் என்கிற வரை பார்த்தாள். "என்னம்மா, காதுல சோறு ஒட்டியிருக்கா?" என்று தடவிப் பார்த்துக்கொண்டான். அவள் உடனே குனிந்து ஊசியை எடுத்துக்கொண்டாள். அந்தப் பின்பக்க அறையைப் பற்றி அவன் இரண்டு தடவை பேசினான். இரண்டு தடவையும் அவள் கண்ணி எண்ணுகிற மாதிரி வாயை முணுமுணுத்தாள்.

மருமகள் தங்கமான பெண். கை சும்மா இருக்காது. மூன்றாம் நாள் மாமியார் குளிக்கப் போன நேரத்தில், "எவ்வளவு தூசி!" என்று அந்தப் பின்னல் பையைக் கவிழ்த்து, துவைத்து, காயப்போட்டு, சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி வைத்துவிட்டாள். கழுகக்காவின் கை நேராகப் பைக்குள் போனது.

"எடுத்த இடத்துலயே வச்சிட்டியாம்மா?"

"ஆமாத்தை. அழகா அடுக்கி வச்சிருக்கேன், பாருங்க."

பார்க்கத்தான் முடியவில்லை. மேற்கொண்டு கேட்டால், எதற்குக் கேட்கிறாள் என்ற கேள்வி வரும். "நல்லதும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். மருமகளுக்கு அழகு என்பது ஒரு பச்சைக்குப் பக்கத்தில் ஒரு நீலம். இடது அறையில் அப்படி ஒரு ஜோடி, வலது அறையில் அப்படி ஒரு ஜோடி. தன் சட்டத்தில் இப்படி ஒரு திருத்தம் வந்தது கழுகக்காவுக்குத் தெரியாது. கைக்கு வந்த உருண்டையை எடுத்து நம்பிக்கையோடு பின்னிக்கொண்டே அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினாள்.

பைண்டர் தோழி அச்சகத்தை விட்ட பிறகும் பசை வாசனையை விடவில்லை. வீட்டிலேயே பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்டிக் கொடுக்கிறாள். அறை முழுக்கத் தாள் குவியல், நடுவில் ஒரு அழுத்தப்பலகை, சுவரில் வரிசையாக மரச்சுத்தியல்களும் நூல்கண்டுகளும். கழுகக்கா உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தோழி ஒரு கற்றைத் தாளைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

"ஏ கழுகே, நம்ம அச்சகத்து ஆளுங்களைப் பத்தி நானா எழுதியிருக்கேன். ஐம்பது பிரதி நானே அடிச்சு நானே கட்டப்போறேன். உன் கண்ணு ஒரு தடவை பட்டாப் போதும்."

தாளைத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் ஒரு சாம்பல் மூட்டம், சுற்றிலும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. ஒரு நொடிதான். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

"கை வேலையா இருக்கு. நீ படி, நான் காதால திருத்தறேன்."

தோழி படித்தாள். கழுகக்கா பின்னிக்கொண்டே, இங்கே ஒருமை பன்மை இடிக்கிறது, அங்கே சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறாய் என்று பிடித்துக்கொடுத்தாள். "பார்க்காமலேயே பிடிக்கறியே, ராட்சசி!" என்று தோழி பூரித்துப்போனாள். எழுத்துப்பிழை காதில் விழாது என்பது இரண்டு பேருக்குமே தெரிய வேண்டிய விஷயம். தோழிக்கு அவள் மேல் இருந்த நம்பிக்கையில் அது மறந்துபோயிற்று. அந்த ஐம்பது பிரதியிலும் எத்தனை பிழை தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போகப்போகிறதோ என்று நினைத்தபோது கழுகக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இரண்டு, இந்த ஒரு பகலில் எத்தனையோ. தோழியின் காதைப் பார்த்தாள். முகம் ஓரத்தில் வந்தது, சிரித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வீடு தங்கை வீடு. கழுகக்கா உலகத்தில் யாருக்கும் பயப்படாதவள், தங்கையின் வாய்க்குப் பயப்படுவாள். அவளுக்குக் குடும்பத்தில் பெயரே ஓட்டைவாய். அக்கா வேலையை விடப்போகும் சேதியை அக்கா எழுதிக் கொடுப்பதற்கு முன்னாலேயே அச்சக மேனேஜரிடம் சொன்னவள். காலையில் இவளிடம் ஒன்றைச் சொன்னால் மத்தியானம் அது ஊரைச் சுற்றிவிட்டு நம்மிடமே வந்து சேரும். அந்தப் பெயர் வந்த கதை மட்டும் சிரிக்கிற கதை இல்லை. அப்பா படுக்கையில் கிடந்தபோது, பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதைப் பெரியவர்கள் மறைத்து வைத்திருந்தார்கள். ஒன்பது வயதுத் தங்கை கட்டிலருகே போய், "அப்பா, நீங்க செத்துடுவீங்களாமே, நிஜமா?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா யாரிடமும் பேசவில்லை. பதினோரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு வைத்த பெயரை எல்லாரும் கேலியாக்கிக்கொண்டார்கள். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள்.

தங்கை தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. ஸ்கூல் யூனிஃபார்ம்கள், சட்டைகள், திரைச்சீலைகள், மூலையில் பாவாடைக் கயிறு மலை, நடுவில் மெஷின். அக்காவைப் பார்த்ததும் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வாக்கா, வா! ஏன் என் காதையே பார்க்கறே? கம்மல் புதுசு, நல்லாருக்கா? எங்க என் போர்வை? காட்டு காட்டு!"

பையிலிருந்து தானே உருவி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். துணிக்கு நூல் சேர்கிறதா என்பதை வெயிலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவள் தொழில் வேதம். உள்ளே உட்கார்ந்து கழுகக்கா காத்திருந்தாள். வாசலிலிருந்து சத்தம் வரவில்லை. தங்கை வாயிலிருந்து சத்தம் வராமல் இவ்வளவு நேரம் போனது எப்போது என்று நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

"என்னடீ? பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்குக்கா" என்றபடி தங்கை உள்ளே வந்தாள். குரல் கம்மியிருந்தது. "ரொம்ப நல்லாருக்கு. தூசி தொண்டையில போயிடுச்சு."

அன்றிலிருந்து தங்கையின் வாய் இரண்டு மடங்கு ஓடியது. "இதோ டீ வைக்கறேன், உன் வலது கைப் பக்கம், சூடா இருக்கு." "இந்தச் செருப்பை யாரு நடு வழியில விட்டது, நான்தான், எடுத்துட்டேன்." "மூணாவது படி உடைஞ்சிருக்குக்கா, கொத்தனார் வரேன்னு வரவே இல்ல." யாராவது கடைக்கு வந்தால் அவர்கள் உள்ளே வருவதற்குள், "அட, டிரைவர் வீட்டம்மா! பச்சைச் சட்டை எடுப்பா இருக்கே!" என்று கூவுவாள். ஏழு நாளில் கழுகக்காவுக்குக் காது வலி வந்தது. "கொஞ்சம் வாயை மூடேன்டீ, தலை சுத்துது" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தாள். தங்கை ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு, "எதிர்ல ஸ்டூல் இருக்குக்கா" என்றாள்.

கிளம்புகிற அன்று காலையில் தங்கை ஒரு புதுப் பையை நீட்டினாள். "அந்தப் பழைய பை வாய் கிழிஞ்சு போச்சு. மிச்சத் துணியில தச்சேன். நூலெல்லாம் மாத்தி வச்சுட்டேன். போர்வையை முடிச்சுக் கொண்டா, அவசரமில்ல."

ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. கழுகக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். தங்கை நேர் எதிரே நின்றாள், அதனால் முகம் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. கழுகக்கா கண்ணை நகர்த்துவதற்குள் தங்கை தானே ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றுகொண்டாள். முகம் தெளிவாக வந்தது. மூக்கோரத்து மச்சம், நரைத்த புருவம், அழுதிருந்த கண். ரயில் நகர்ந்து கம்பத்துக்குப் பின்னால் மறைகிற வரை அந்த முகம் ஓரத்திலேயே இருந்தது. நல்லவேளையாக அங்கே போய் நின்றாளே என்று கழுகக்கா நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னலை எடுக்கப் பையில் கை விட்டாள். மூன்று அறைகள், பழைய பையைப் போலவே. இடது அறையின் வாயில் ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. வலது அறையின் வாயில் இரண்டு பொத்தான், பக்கத்தில் பக்கத்தில். நடு அறையில் பொத்தானே இல்லை. மூடி வைக்கத்தான் பொத்தான் என்று நினைத்து, அதை மாட்டும் ஓட்டையை, தங்கை பாஷையில் காஜாவை, எதிர்ப்பக்கத் துணியில் தேடினாள். காஜா இல்லை. மறுபடி தடவினாள். வலது அறையிலும் இல்லை. நாற்பது வருஷமாக ஊருக்குச் சட்டை தைக்கிறவள் காஜா எடுக்காமல் பொத்தான் வைப்பாளா? அரைகுறை வேலையை எடுத்துக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே வைத்துத் திட்டுகிறவள்.

கழுகக்காவின் கை அப்படியே நின்றது. பிறகு அவள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். ஒற்றைப் பொத்தான் அறையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நீட்டினாள்.

"இது என்ன நிறம்மா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

சொல்லிவிட்டாள். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பச்சைங்க."

"இது?" இரட்டைப் பொத்தான் அறையிலிருந்து.

"நீலம்."

போர்வையை எடுத்து விரித்தாள். "இதுல வரிசையாச் சொல்றியா?"

அந்தப் பெண் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள். பச்சை, வெள்ளை, நீலம், வெள்ளை, பச்சை, வெள்ளை. கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு பச்சையை அடுத்துப் பச்சை. பிறகு ஒரே பட்டையில் பாதி நீலம், பாதி பச்சை. பிறகு வரிசையாக மூன்று நீலம். "இப்படியும் ஒரு டிசைன் உண்டா அத்தை?" என்று அந்தப் பெண் கேட்டாள். கழுகக்கா போர்வையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். வாசல் வெயிலில் நின்று தங்கை இதைத்தான் பார்த்திருக்கிறாள். ஏழு நாள். டீ வலது கைப் பக்கம், எதிரில் ஸ்டூல், ஓரடி நகர்ந்து நின்றது. கழுகக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

போனில் மூன்றாவது பொத்தானுக்குத் தங்கையின் எண்ணைப் போட்டு வைத்திருந்தாள். அழுத்தினாள்.

"எப்போடீ தெரியும்?"

அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. "வந்த அன்னைக்கே. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமாக்கா? என் காதைப் பார்த்துப் பார்த்துப் பேசினியே."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏழு நாளா யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்லன்னா இல்லதான்."

கழுகக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு நாள் மறைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கனத்தது. இனி ஒரு நாள்கூடத் தூக்க முடியாது என்று தோன்றியது. "நீயே அவன்கிட்ட சொல்லிடேன்டீ. எனக்கு வாய் வரல. உனக்குத்தான் சொல்ல வரும். சாவி மட்டும் என்கிட்டயே இருக்கணும்னு அதையும் சேர்த்துச் சொல்லிடு."

தங்கையின் குரல் ஒன்பது வயதுக் குரலாக இருந்தது.

"அப்பாகிட்ட சொன்னது ஒண்ணு போதும்க்கா. நான் சொல்லிட்டா நீயும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துடுவே. அப்பா போனதுக்கப்புறம் நான் ஊர்ல சொன்னதெல்லாம் சும்மா வாய். இது என் வாயிலிருந்து வராது. நீ சொல்லு. அவன் வண்டியை எடுத்துக்கிட்டு வந்தா நான் வந்து வாசல்ல நிக்கறேன். அதுக்கு என் வாய் போதும்."

போனை மடியில் வைத்துவிட்டுக் கழுகக்கா அழுதாள். எதிர் சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எந்தப் பக்கம் நீட்டுகிறாள் என்று சொல்லி நீட்டினாள்.

பிழையான பட்டைகளைப் பிரிக்கலாமா என்று யோசித்தாள். முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம், கை துறுதுறுத்தது. அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஊசியில் அடுத்து வர வேண்டியது பச்சை. ஒற்றைப் பொத்தானைத் தடவி, உருண்டையை எடுத்து, நூலைச் சேர்த்து ஒரு வரிசை பின்னினாள். மகனின் எண் போனில் முதல் பொத்தான். வரிசையின் கடைசிக் கண்ணியை முடித்துவிட்டு, அதை அழுத்தினாள்.